தமிழ்நாட்டில் சீன உணவு

தமிழ்நாட்டில் சீன உணவு என்பது தமிழ்நாட்டின் உணவகங்கள், துரித உணவுக் கடைகள், தள்ளுவண்டிகள் ஆகியவற்றில் "சைனீஸ்" என்ற பெயரில் விற்கப்படும் உணவு வகைகளைக் குறிக்கும். பிரைடு ரைஸ், நூடுல்ஸ், மஞ்சூரியன், சில்லி சிக்கன் முதலியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவை சீனாவின் எந்த ஒரு மாகாணத்தின் சமையலையும் நேரடியாகச் சார்ந்தவை அல்ல. கொல்கத்தாவில் குடியேறிய சீனர்களின் சமையலில் தோன்றி, இந்தியச் சுவைக்கேற்ப மாற்றம் பெற்ற இந்தியச் சீன உணவு மரபைச் சேர்ந்தவை. சீனாவின் வட்டாரச் சமையல் மரபுகளைப் பின்பற்றும் உணவகங்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. திண்டுக்கல் போன்ற உள்நாட்டு நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் கிடைப்பது பெரும்பாலும் இந்தியச் சீன உணவே ஆகும்.

சொற்களில் சீனத் தொடர்பு

தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இடையிலான கடல் வணிகம் மிகப் பழமையானது. சோழ அரசின் தூதுக்குழுக்கள் கி.பி. 11ஆம் நூற்றாண்டில் சீனாவின் சொங் அரசவைக்குச் சென்றன. சீனாவின் குவான்சோ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது.

இத்தொடர்பின் தடயங்களைச் சமையலறைச் சொற்களிலும் காணலாம். மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டங்களில் வெள்ளைச் சர்க்கரை "சீனி" என்றே அழைக்கப்படுகிறது. குழிவான இரும்பு வாணலிக்குச் "சீனச்சட்டி" என்ற பெயர் உண்டு. எனினும் இச்சொற்கள் வந்த வழியில் சீனச் சமையல் வரவில்லை. அது மிகப் பிற்காலத்தில் கொல்கத்தா, மும்பை வழியாகவே தமிழ்நாட்டை அடைந்தது.

தோற்றம்

கொல்கத்தாவின் சீனர்கள்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், டோங் அச்சியூ என்னும் சீன வணிகர் கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்புப் பயிரிட்டு ஆலை நிறுவினார். அவர் பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. பின்னர் வந்த சீனர்கள் கொல்கத்தாவின் திரெட்டா பசார் பகுதியில் குடியேறினர். கான்டன் பகுதியினர் தச்சு வேலையிலும், ஹூபே பகுதியினர் பல் மருத்துவத்திலும், ஹக்கா மக்கள் காலணி, தோல் தொழில்களிலும் ஈடுபட்டனர்.

ஹக்கா மக்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் கிழக்கு விளிம்பில் இருந்த தாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை அமைத்தனர். சுற்றுச்சூழல் மாசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, இவற்றை வேறிடத்துக்கு மாற்ற ஆணையிட்டது. தோல் தொழில் குன்றியபோது பல குடும்பங்கள் உணவகத் தொழிலையே முதன்மையாகக் கொண்டன. தாங்ரா இன்று சீன உணவகங்களுக்காக அறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லிலும் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது. தமிழ்நாட்டின் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கின் தீர்ப்பும் அதே 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1962ஆம் ஆண்டுப் போர்

1962இல் இந்திய-சீனப் போர் மூண்டதைத் தொடர்ந்து அசாம், மேற்கு வங்கம் முதலிய பகுதிகளில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் இராசத்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தனர். விடுதலையானவர்கள் பலர் வீடும் தொழிலும் இழந்திருந்தனர். இதன் பின் கனடா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தோர் பலர். இந்தியாவில் சீன உணவு பரவிய அதே காலத்தில் அவ்வுணவை உருவாக்கிய சமூகம் சுருங்கியது. சீனச் சமையல் இந்தியச் சமையலர்களின் கைக்கு மாறியதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

மஞ்சூரியன்

கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையலரான நெல்சன் வாங், 1975இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. பொரித்த கோழித் துண்டுகளைப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் ஆகியவற்றுடன் வதக்கி, சோயா சாஸ், சோளமாவுக் கரைசல் சேர்த்துச் செய்யப்படும் இவ்வுணவுக்கும் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவுக்கும் தொடர்பு இல்லை. கோழிக்குப் பதிலாகப் பூக்கோசு சேர்த்த கோபி மஞ்சூரியன் சைவ உணவகங்களிலும் இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் பரவல்

1860களில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் சிலர் நீலகிரியின் சின்கோனா தோட்டங்களில் வேலை செய்தனர். விடுதலைக்குப் பின் நடுவட்டம் அருகே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்தவர்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். ஆயினும் இச்சிறு குடியிருப்பிலிருந்து தனிச் சமையல் மரபு ஏதும் பரவவில்லை.

20ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த சீனக் குடும்பங்கள் பல் மருத்துவம், அழகு நிலையம், உணவகம் போன்ற தொழில்களை நடத்தின. 1980களில் அறிமுகமான உடனடி நூடுல்ஸ், இவ்வுணவை வீடுகளுக்குப் பழக்கப்படுத்தியது. 1990களில் சோயா சாஸ், மிளகாய் சாஸ் முதலியன உள்நாட்டிலேயே பெருமளவில் தயாராகி மளிகைக் கடைகளுக்கு வந்தன. இதனால் சிறு முதலீட்டில் துரித உணவுக் கடை தொடங்குவது எளிதாயிற்று.

திண்டுக்கல் வட்டாரம்

திண்டுக்கல் நகரின் உணவு அடையாளம் பிரியாணியாகும். சீரகச் சம்பா அரிசியில் சமைக்கப்படும் இப்பிரியாணியின் புகழுக்கு 1957இல் தொடங்கப்பட்ட தலப்பாக்கட்டி உணவகம் முதன்மையான காரணம். சீன உணவு இந்நகரில் பிரியாணிக்கும் பரோட்டாவுக்கும் அடுத்த இடத்தில், மாலை நேர உணவாகவே நிலைபெற்றது.

குறிப்பிடத்தக்க சீனக் குடியிருப்பு ஏதும் இல்லாத இப்பகுதியில் சீன உணவு மூன்று வடிவங்களில் காணப்படுகிறது.

* துரித உணவுக் கடைகள்: பேருந்து நிலையம், கல்லூரிச் சாலைகள், புறநகர்க் கடைவீதிகள் ஆகியவற்றில் மாலையில் திறப்பவை. வேகவைத்த சோறும் நூடுல்சும் முன்கூட்டியே தயாராக இருக்கும்; கேட்டவுடன் உயர் தீயில் கிளறித் தரப்படும்.
* அசைவ உணவகங்களின் சீனப் பிரிவு: பரோட்டாவுக்கு ஒரு மாஸ்டர், பிரியாணிக்கு ஒரு மாஸ்டர் இருப்பது போல இதற்கெனச் "சைனீஸ் மாஸ்டர்" ஒருவர் இருப்பார். வடகிழக்கு மாநிலங்கள், நேபாளம் ஆகியவற்றிலிருந்து வந்தவர்களும் இப்பணியில் உள்ளனர்.
* கலப்பு உணவுகள்: சோயா சாஸ், குடைமிளகாய், வெங்காயம் ஆகியவற்றுடன் பரோட்டாத் துண்டுகளைக் கிளறிச் செய்யும் சில்லி பரோட்டா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

இவ்வுணவுகளுக்குத் தேவையான முட்டைக்கோசு, கேரட், பீன்ஸ் முதலிய காய்கறிகள் கொடைக்கானல் மலைப்பகுதியில் விளைகின்றன. ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தை தமிழ்நாட்டின் பெரிய சந்தைகளுள் ஒன்று. எனவே மூலப்பொருள் கிடைப்பதில் இவ்வட்டாரத்துக்குக் குறையில்லை. இல்லாதது வட்டாரச் சீனச் சமையலை அறிந்த சமையலரும் அதைக் கேட்டுண்ணும் மக்களுமே.

மாவட்டத்தின் மலைப்பகுதி இதற்கு ஓரளவு விலக்காகும். கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் திபெத்திய உணவகங்கள் நடத்தப்பட்டு வந்துள்ளன. அங்கு கிடைக்கும் மோமோ, துக்பா ஆகியவை, ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதி மக்களின் சமையல் என்ற பொருளில், மாவட்டத்தில் வட்டார உணவுக்கு மிக நெருங்கியவை எனலாம்.

சீனாவின் வட்டாரச் சமையல் மரபுகள்

சீனச் சமையல் மரபாக எட்டுப் பெரும் பிரிவுகளாக வகுக்கப்படுகிறது: சாண்டோங், சிச்சுவான், குவாங்டோங், சியாங்சு, செசியாங், புசியான், ஹூனான், அன்ஹுய். தமிழ்நாட்டு உணவுப் பட்டியல்களில் அடிக்கடி வரும் பெயர்கள் மூன்று மரபுகளைச் சுட்டுகின்றன.

* குவாங்டோங் (கான்டனீயம்): ஆவியில் வேகவைத்த முழு மீன், வறுத்த வாத்து, திம்சம் எனப்படும் சிற்றுணவுகள் ஆகியவை சிறப்பு. காரம் குறைவு, பொருளின் இயல்பான சுவை காக்கப்படும்.
* சிச்சுவான்: காய்ந்த மிளகாயுடன் நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகும், புளிக்கவைத்த அவரை-மிளகாய் விழுதும் சேரும். சிச்சுவான் மிளகு, கொங்கணக் கடற்கரைச் சமையலில் பயன்படும் திர்பல் என்னும் காயின் இனத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் "செஸ்வான்" என விற்கப்படும் சிவந்த பூண்டு-மிளகாய் விழுதில் இம்மிளகு பெரும்பாலும் இருப்பதில்லை.
* ஹக்கா: உப்பில் புதைத்துச் சுட்ட கோழி, இறைச்சி நிரப்பிய சோயாக் கட்டி, உலர் கீரையுடன் வேகவைத்த பன்றி இறைச்சி ஆகியவை இம்மரபின் அடையாள உணவுகள். "ஹக்கா நூடுல்ஸ்" என்பது கொல்கத்தா வழி வந்த இந்தியப் பெயராகும்.

புறநகர்களும் வட்டார உணவும்

ஒரு வட்டாரத்தின் சமையல் வேற்று நாட்டில் அதன் இயல்போடு நிலைப்பதற்கு, அதை அன்றாடம் உண்ணும் மக்கள் அருகில் குடியிருப்பது முதன்மையான தேவை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய குடியிருப்புகள் நகர மையங்களிலிருந்து புறநகர்களுக்கு நகர்ந்தன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள மான்டரே பார்க் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

தமிழர் மிகுதியாக வாழும் கனடாவின் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளிலும் இதே நிலையைக் காணலாம். சீனாவின் பல வட்டாரங்களின் உணவகங்கள் அங்குள்ளன. கொல்கத்தாவிலிருந்து குடியேறிய ஹக்கா மக்கள் நடத்தும் இந்தியச் சீன உணவகங்கள் அங்கே "ஹக்கா உணவகம்" என்றே அறியப்படுகின்றன. தெற்காசியர் அவற்றின் முதன்மை வாடிக்கையாளர்கள். மலேசியாவில் தமிழ் முசுலிம் கடைகளில் விற்கப்படும் மீ கோரெங்கும், இலங்கையின் "சைனீஸ் ரோல்ஸ்" சிற்றுண்டியும் சீன உணவு தமிழர் கைப்பட்டு மாறியதற்கு வேறு சான்றுகளாகும்.

வட்டார உணவகத்தை அடையாளம் காணல்

பெயர்ப் பலகை மட்டும் போதிய சான்றாகாது. "திண்டுக்கல் பிரியாணி" என்று எழுதிய கடை எல்லாவற்றிலும் சீரகச் சம்பா அரிசி இருப்பதில்லை என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். "செஸ்வான்" என்னும் சொல்லும் அத்தகையதே. பின்வருவன பொதுவாக உதவும் கூறுகளாகும்.

* உணவுப் பட்டியல் குறுகியதாகவும் ஒரு மாகாணத்தின் உணவுகளைச் சார்ந்ததாகவும் இருத்தல். ஒரே பட்டியலில் தந்தூரி, பரோட்டா, சைனீஸ் மூன்றும் இருப்பின் அது பெரும்பாலும் இந்தியச் சீன உணவகமே.
* ஆவியில் வேகவைத்தவை, நெடுநேரம் கொதிக்கவைத்த சூப் வகைகள், எளிய கீரை வதக்கல் ஆகியவை இடம்பெறுதல்.
* வெறுஞ்சோறு முதன்மை உணவாகத் தரப்படுதல். சீனாவின் பல பகுதிகளில் பிரைடு ரைஸ், மிஞ்சிய சோற்றைப் பயன்படுத்தும் எளிய உணவாகும்.
* ஒவ்வொரு உணவின் சாறும் வெவ்வேறு சுவையோடு இருத்தல். அனைத்தும் ஒரே சோளமாவுக் குழம்பாக இல்லாதிருத்தல்.

நல்ல இந்தியச் சீன உணவுக்கும் தனி அளவுகோல் உண்டு. சோறு உதிரியாகவும், காய்கறி நறுக்கென்றும், எண்ணெய் மிகாமலும், உயர் தீயின் மணத்தோடும் இருப்பதே அது.

பாதுகாப்பும் சட்டமும்

சமைத்த சோறு வெப்பமான சூழலில் நெடுநேரம் வெளியே இருந்தால் பாசில்லசு செரியசு என்னும் பாக்டீரியா பெருகி நச்சுப்பொருளை உண்டாக்கக்கூடும். வாந்தியை ஏற்படுத்தும் அந்நச்சு, மீண்டும் கிளறும்போது எழும் வெப்பத்தால் அழிவதில்லை. காலையில் வடித்த சோற்றை இரவு வரை வைத்துப் பயன்படுத்தும் கடைகளில் இதுவே முதன்மையான ஆபத்தாகும். சோற்றை விரைவாக ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது இதைத் தடுக்கும்.

அஜினோமோட்டோ என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் மோனோசோடியம் குளூட்டமேட்டின் சுவையை 1908இல் சப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கண்டறிந்தார். இதைப் பற்றிய அச்சம் 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த கடிதத்திலிருந்து பரவியது. பின்னர் நடந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள், வழக்கமான அளவில் இது தீங்கு செய்வதாக உறுதிப்படுத்தவில்லை. குளூட்டமேட்டு தக்காளியிலும் இயற்கையாக உள்ளது.

செயற்கை நிறமிகளின் நிலை வேறு. துணிகளுக்குச் சாயமேற்றும் ரோடமைன்-பி உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டதாகும். தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் இது கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. கருநாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்ப்பதைத் தடை செய்தது. மிளகாயால் மட்டும் நிறம் பெற்ற உணவு மங்கிய செம்பழுப்பாகவே இருக்கும். கையில் ஒட்டும் பளிச்சென்ற சிவப்பு நிறமியின் அறிகுறியாகும்.

இவற்றையும் பார்க்க

* இந்தியச் சீன உணவு
* திண்டுக்கல் பிரியாணி
* கொத்துப் பரோட்டா
* ஹக்கா மக்கள்
* தாங்ரா