கோயிலொழுகு

கோயிலொழுகு என்பது திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் வரலாற்றைக் கூறும் உரைநடை ஆவணமாகும். வைணவ மரபில் அடைமொழி இன்றிக் "கோயில்" என்றால் அது திருவரங்கத்தையே குறிக்கும். "ஒழுகு" என்னும் சொல் நிலம் முதலியவற்றின் விவரப் பதிவேட்டைக் குறிக்கக் கல்வெட்டுகளிலும் வழங்கியுள்ளது. எனவே கோயிலொழுகு என்பதைக் "கோயிற் பதிவேடு" என்று பொருள் கொள்ளலாம். இது ஒருவரால் ஒரே காலத்தில் எழுதப்பட்ட நூலன்று. வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த பலர் எழுதிச் சேர்த்த பகுதிகளின் தொகுப்பாகவே இது இன்று கிடைக்கின்றது. தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் அமைந்தது.

பின்னணி

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. ஏழு திருச்சுற்றுகள் கொண்ட இக்கோயிலின் வெளிச்சுற்றுகளில் ஊரே அடங்கியுள்ளது. மதில் கட்டியவர் யார், மண்டபம் எழுப்பியவர் யார், எந்தத் திருவிழாவில் எந்தக் குடும்பத்தாருக்கு என்ன பணி, அதற்கு என்ன மரியாதை என்பன போன்ற செய்திகள் இவ்வூராருக்கு வெறும் பழங்கதைகள் அல்ல. வாழ்க்கையும் வருவாயும் மதிப்பும் அவற்றைச் சார்ந்திருந்தன. ஒழுகு எழுதப்பட்டதற்கும், அழியாமல் படியெடுக்கப்பட்டு வந்ததற்கும் இதுவே முதன்மையான காரணம் எனலாம்.

உள்ளடக்கம்

தொடக்கப் பகுதி புராணச் சார்புடையது. காவிரிக் கரைக்கு அரங்க விமானம் வந்த கதை, தர்மவர்மன், கிளிச்சோழன் ஆகிய மன்னர்களின் திருப்பணி முதலியன இதில் இடம் பெறுகின்றன. பின்னர்த் திருமங்கையாழ்வார் மதில் கட்டியதும், நாதமுனிகள் முதலிய ஆசாரியர்களின் காலமும் கூறப்படுகின்றன. பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர் ஆகியோர் காலத்துத் திருப்பணிகளும் கொடைகளும் விரிவாகவே உள்ளன. பிற்பகுதியை நெருங்க நெருங்கக் கதைக்கூறு குறைந்து பதிவேட்டின் தன்மை மிகுகின்றது.

பத்துக்கொத்து

ஒழுகில் மிக விரிவாக அமைந்த பகுதிகளுள் ஒன்று இராமானுசர் செய்த நிர்வாகச் சீர்திருத்தம் பற்றியது. உடையவர் என்றும் அழைக்கப்படும் இவர், கோயிற் பணியாளரிடையே முன்பிருந்த ஐந்து கொத்துகளைப் பத்தாக விரித்தார் என்று ஒழுகு கூறுகின்றது. கொத்து என்பது குறிப்பிட்ட பணிகளுக்கு உரிய பிரிவாகும். பிரபந்தம் பாடுவோர் விண்ணப்பஞ்செய்வார் எனவும், தீர்த்தக் குடங்களைச் சுமந்து வருவோர் திருக்கரகக்கையார் எனவும், வாயில் காப்போர் ஆரியபட்டாள் எனவும் பெயர் பெற்றனர். கோயிலில் "ஆரியபடாள் வாசல்" என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.

இப்பகுதி வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. யார் எங்கு நிற்க வேண்டும், யாரிடமிருந்து எதைப் பெற வேண்டும், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது வரை வகுத்துரைக்கின்றது. பெரியதொரு நிறுவனத்தின் பணி விதிகளைப் படிப்பது போன்ற உணர்வை இது தருகின்றது. இவ்விதிகள் அனைத்தும் இராமானுசர் காலத்தனவா, பிற்கால வழக்கங்களும் அவர் பெயரில் ஏற்றப்பட்டனவா என்பது ஆராயத்தக்கது. ஒரு வழக்கத்தை "உடையவர் காலத்து வழக்கம்" என்று கூறிவிட்டால் அதனை மறுப்பது எளிதன்று.

படையெடுப்பும் மீட்சியும்

1311இல் மாலிக் கபூரின் படையும், 1323இல் உலூக் கானின் படையும் திருவரங்கத்தைத் தாக்கின. உலூக் கான் பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரில் தில்லியை ஆண்டவர். பின்னைய படையெடுப்பின்போது மூலவர் திருமுன் கல்திரை எழுப்பப்பட்டதாகவும், பிள்ளைலோகாசாரியர் உற்சவத் திருமேனியுடன் தெற்கே சென்றதாகவும் வைணவ மரபு கூறும். பன்னீராயிரம் வைணவர் மாண்டனர் என்கின்றது ஒழுகு. இவ்வெண்ணிக்கையை வேறு சான்றுகளால் உறுதி செய்ய இயலாது. பிள்ளைலோகாசாரியர் மதுரைக்கு அருகில் சோதிஷ்குடியில் காலமானார். அதன்பின் திருமேனி அழகர்கோயில், கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை எனப் பல இடங்களில் தங்கிச் செஞ்சி வழியாக 1371இல் திருவரங்கம் திரும்பியது. அதனை மீட்டு வந்தவர், விசயநகர இளவரசர் குமார கம்பணரின் அதிகாரியாகிய கோபணர்.

இடையில் ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பழைய திருமேனி இல்லாத காலத்தில் கோயிலில் வேறொரு திருமேனி எழுந்தருளச் செய்யப்பட்டிருந்தது. திரும்பி வந்ததுதான் முன்பு இருந்ததா என்று கூற வல்லவர் ஊரில் இல்லை. இந்நிலையில், பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர் முன்வந்ததாக ஒழுகு கூறுகின்றது. இறைவனின் ஆடைகளை வெளுக்கும் பணி செய்து வந்த இவர் ஈரங்கொல்லி எனப்படுகின்றார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த நீரை இவருக்கு அளித்தனர். வந்தவரின் ஆடை நீரைச் சுவைத்ததும், பழகிய மணத்தை உணர்ந்து, இவரே "நம்பெருமாள்" என்றாராம். உற்சவர்க்கு இன்றும் வழங்கும் பெயர் அதுவே. மற்றைய திருமேனி திருவரங்க மாளிகையார் எனப் பெயர் பெற்றது.

இந்நிகழ்ச்சியை வரலாறாகக் கொள்வதா மரபுக் கதையாகக் கொள்வதா என்பது ஒருபுறம் இருக்க, இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏடு சான்று கூற முடியாத இடத்தில் ஒரு பணியாளரின் நினைவைச் சான்றாக ஏற்றதைக் கோயிலின் ஏடே பதிவு செய்து வைத்துள்ளது. பட்டர்களும் தலைவர்களும் நிறைந்த அந்நூலில் தீர்ப்புரைத்தவர் ஒரு வண்ணார்.

கல்வெட்டுகளுடன் ஒப்பீடு

திருவரங்கம் கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தமிழ், வடமொழி, தெலுங்கு, கன்னடம், மராத்தி, ஒடியா ஆகிய மொழிகளில் இவை பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆம் தொகுதி முழுவதும் இக்கோயிலுக்கே உரியது. ஒழுகின் கூற்றுகளைச் சோதிக்க இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

கோபணர் திருமேனியை மீட்டு வந்த செய்தி கோயிற் சுவரில் இரு வடமொழிச் செய்யுள்களாகப் பொறிக்கப்பட்டுள்ளது. திருமலையிலிருந்து கொண்டு வந்ததும், செஞ்சியில் சிலகாலம் வைத்திருந்ததும், மீண்டும் எழுந்தருளச் செய்ததும் அதில் கூறப்படுகின்றன. ஆண்டு எண்ணாக எழுதப்படாமல் "பந்துப்ரியே" என்னும் சொல்லில் மறைத்து வைக்கப்பட்டுள்ளது. கடபயாதி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இச்சொல்லில் அவை முறையே 3, 9, 2, 1. இவற்றை வலமிருந்து இடமாகப் படித்தால் 1293 என்னும் சக ஆண்டு, அதாவது கி.பி. 1371, கிடைக்கின்றது. சுற்றத்தாருக்கு இனியது என்பது அச்சொல்லின் பொருள். நெடுங்காலம் பிரிந்திருந்தவர் வீடு திரும்பிய ஆண்டுக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணைத் தேர்ந்தெடுக்க இயலாது.

அதேபோல், பாண்டிய மன்னன் முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் பொன் வேய்ந்ததை ஒழுகும் கூறுகின்றது. அவனது வடமொழிக் கல்வெட்டும் அவன் அளித்த பொற்கொடைகளை விரித்துரைக்கின்றது. இத்தகைய இடங்களில் ஒழுகை நம்பலாம். ஆனால் முற்காலப் பகுதிகளில் அரசர் பெயர்களும் ஆண்டுகளும் முன்பின் மாறிக் கிடக்கின்றன. தில்லிக்கு எடுத்துச் செல்லப்பட்ட திருமேனியின் மீது சுல்தானின் மகள் காதல் கொண்ட கதை, நாள் நட்சத்திரத்துடன் கூடிய கொடைக் குறிப்புகள் உள்ள அதே நூலில் இடம் பெறுகின்றது. அந்த இளவரசி துலுக்க நாச்சியார் என்ற பெயரில் கோயிலில் வணங்கப்படுகின்றார். அவர் சன்னதியில் ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுகின்றன.

உரிமையை நிலைநாட்ட எழுதப்பட்ட ஆவணம் உரிமையாளருக்குச் சார்பாகவே பேசும். உத்தமநம்பிகள், கந்தாடையார் போன்ற குடும்பங்களின் செல்வாக்கு ஓங்கிய காலத்துப் பகுதிகளைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்ள வேண்டும். பூரி சகந்நாதர் கோயிலின் மாதள பாஞ்சி என்னும் ஓலைச்சுவடி வரலாறும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் முற்பகுதியையும் ஆய்வாளர்கள் தயக்கத்துடனேயே பயன்படுத்துகின்றனர்.

சுவடியும் அச்சும்

ஓலைச்சுவடிகள் நெடுங்காலம் தாங்குவதில்லை. பூச்சி அரித்தும் நுனி ஒடிந்தும் அழியும் முன் புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கத்தால் அழிந்த நூல்கள் பல. படியெடுப்போர் சிலர் தம் காலச் செய்திகளையும் சேர்த்திருக்கக் கூடும் என்பதால், ஒழுகின் எந்த வரி எந்தக் காலத்தது என்று பிரித்தறிவது கடினமாகின்றது. பலர் திருத்திய கோப்பில் முந்தைய பதிப்புகள் மட்டும் கிடைக்காமற் போன நிலை இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுகு தமிழில் அச்சேறியது. வரலாற்றாய்வாளர் வி. என். ஹரிராவ் 1961இல் இதனை ஆங்கிலத்தில் வரலாற்றுக் குறிப்புகளுடன் வெளியிட்டார். ஒழுகின் கூற்றுகளைக் கல்வெட்டுகளோடு வைத்து நோக்கும் அவரது குறிப்புகள் மாணவர்களுக்கு இன்றும் பயன்படுவன. 2000களில் அ. கிருஷ்ணமாசாரியார் இதனை விளக்கங்களுடன் பல தொகுதிகளாகத் தமிழில் பதிப்பித்தார். மணிப்பிரவாள நடைக்குப் பழகாதவர்கள் விளக்கமுள்ள பதிப்பிலிருந்து தொடங்குதல் நலம். பத்துக்கொத்துப் பகுதியை முதலில் படித்துவிட்டுப் புராணப் பகுதிக்கு வருவது நூலின் இயல்பை எளிதில் புலப்படுத்தும்.