பெரியோர்மேல் நாம் ஏற்றும் பாரம்

ஒரு குலத்திற் பிறந்தார் ஒருவர் கல்வியாலோ ஆற்றலாலோ உலகறிய விளங்குவாராயின் அக்குலத்தார் மகிழ்தல் இயல்பேயாம். அம்மகிழ்ச்சியைக் குறைகூற யாம் எழுதுகோல் எடுத்தோமல்லோம். ஆயின் அம்மகிழ்ச்சி சின்னாளில் உரிமையாகி, அவ்வுரிமை கட்டளையாகி, "நம்மவர் இங்ஙனமே இருத்தல் வேண்டும், இங்ஙனமே இருந்தார் என்று எழுதுதல் வேண்டும்" என்னும் நிலையில் வந்து நிற்கின்றது. செங்குந்தர் மரபில் இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. அதனை முதலிற் கூறிப் பின்னர் நம் காஞ்சிமாநகரிற் பிறந்து தமிழ்நாட்டை ஆண்ட ஒருவர்பாற் செல்வோம்.

கவிச்சக்கரவர்த்தி ஒட்டக்கூத்தர் நம் மரபினர் என்பது நெடுநாளைய வழக்கு. 12-ஆம் நூற்றாண்டில் விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாங் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் அவையிலும் வீற்றிருந்து மூவர்மீதும் உலாப் பாடியவர்; தக்கயாகப்பரணி அருளியவர். அவர்பாற் செங்குந்தர் சென்று தங் குலத்தின் வீரத்தைப் பாடுக என வேண்டினரென்றும், தாம் பிறந்த குலத்தைத் தாமே பாடுதல் தற்புகழ்ச்சியாம் என்று அவர் மறுத்தாரென்றும், வேண்டினோர் விடாராக, அவர்தந் தலைச்சன் பிள்ளைகளின் தலைகளைக் கொணர்ந்தாற் பாடுவேன் என்றாரென்றும், அங்ஙனமே கொணர்ந்து குவித்த தலைகளை இருக்கையாகக் கொண்டு ஈட்டியெழுபது பாடினாரென்றும், பின்னர் எழுப்பெழுபது பாடி அத்தலைகளை உடலொடு பொருந்தச் செய்தாரென்றும் கதை வழங்குகின்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் இதனைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டே வளர்ந்தனர்.

இதனை மேடையிற் கூறுவோர் தலை ஈந்தாரின் தியாகத்தை வியந்து பேசி அமர்வர். புலவர் மறுத்தார் என்னும் இடத்தில் நின்று பார்ப்பாரை யாங் கண்டிலோம். நாடு போற்றிய புலவர் ஒருவர், "இஃது எனக்குத் தகாது" என்று வாய்விட்டுச் சொல்லியும் சுற்றத்தார் செவிக்கொள்ளவில்லை. மேலும், பாட்டு வேண்டினோர் தந்தையர். தலை கொடுத்தோர் பிள்ளைகள். அப்பிள்ளைகளை ஒரு சொற் கேட்டார் என்பது கதையில் யாண்டும் இல்லை. இது நிகழ்ந்ததோ நிகழாததோ என வழக்காடுதல் ஈண்டு வேண்டா. ஒரு குலம் தன்னைப்பற்றித் தானே விரும்பிச் சொல்லிவந்த கதையாதலின், அக்குலத்தின் மனத்தை அது காட்டும் என்ற அளவில் அமைவோம்.

மற்றொரு புறத்தே, பிறர் அவரைப் பொறாமையின் வடிவாக்கினர். பிழைபடப் பாடிய புலவரை இருவர் இருவராகக் குடுமி முடிந்து தலை வெட்டினார் என்றனர்; புகழேந்தியைச் சிறையிலிடச் செய்தார் என்றனர்; கம்பரைக் கண்டு மனம் புழுங்கினார் என்றனர். இவர்கள் யாவரும் ஒரு காலத்தவர் என்பதற்கே உறுதியான சான்றில்லை. ஒரு சாரார் தெய்வமாக்கவும் ஒரு சாரார் கொடியவராக்கவும், பரணி பாடிய புலவர் படிப்பாரற்று ஏட்டளவிற் கிடக்கின்றார். தமிழாசிரியராகிய எமக்கு இதில் உள்ள வருத்தம் சிறிதன்று.

இனி, நேரிற் கண்டார் பலர் இன்றும் வாழ்ந்திருக்கும் ஒருவர் வரலாற்றிற்கு வருவோம்.

1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சியில் நடராசனார்க்கும் பங்காரு அம்மையார்க்கும் மகனாகப் பிறந்து, சிற்றன்னை இராசாமணி அம்மையார் கையில் வளர்ந்தவர் அறிஞர் அண்ணாதுரை. இவ்வூர்ப் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். வறுமையாற் சிறிது காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பொருளியலும் அரசியலும் கற்றுப் பட்டம் பெற்றார். 1942-இல் இந்நகரிலிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1967 மார்ச் 6-ஆம் நாள் முதலமைச்சரானார். 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் 59 வயதில் மறைந்தார். ஆண்ட காலம் ஒரு திங்கள் குறைய இரண்டாண்டே. அதற்குள் இருமொழிக் கொள்கையும் 'தமிழ்நாடு' என்னும் பெயரும் நிலைபெற்றன. இவையெல்லாம் நேயர்கள் அறிந்தன; விரிக்க வேண்டுவதில்லை.

விரிக்க வேண்டுவது நாம் அவரை வரைந்து வைத்திருக்கும் படத்தைப் பற்றியே. நம் விழாக்களில் அண்ணா வைகறையில் துயிலெழுகின்றார். காலந் தவறாமற் செல்கின்றார். மாசில்லா வெள்ளாடை புனைகின்றார். ஒரு தீய பழக்கமும் அறியார். மெய்யான அண்ணாவோ இரவெல்லாம் படித்தும் எழுதியும் பேசியும் இருந்துவிட்டுக் காலையில் நேரங்கழித்து எழுபவர், கூட்டங்கட்கு மக்கள் நெடுநேரங் காத்திருக்க வருபவர், கசங்கிய வேட்டியும் மழியாத முகமுமாய் மேடையேறுபவர், மூக்குப்பொடி இடுபவர், வெற்றிலையும் புகையிலையும் மெல்லுபவர். அப்படி வந்தவர் வாய் திறந்தபின் நள்ளிரவு கடந்தும் ஒருவரும் எழுந்து போகாமற் கேட்டிருந்தனர் என்பதன்றோ வியப்பு? கோர்வைப் புடைவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் ஒரு நிறமாக்கு என்று எந்த நெசவாளரிடமும் நாம் கேட்டதில்லை.

சில ஆண்டுகட்கு முன் அண்டை ஊர்ப் பள்ளி ஒன்றிற் பேச்சுப் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவராக யாம் அமர்ந்திருந்தோம். நெசவாளர் வீட்டுப் பெண்குழந்தை ஒருத்தி, மேலே கூறியவற்றை அப்படியே கூறி, பொடிமட்டையும் புத்தகமும் ஒரே பையிற் கொண்டு சென்றவர் எங்ஙனம் ஒரு நாட்டின் பேச்சையே மாற்றினார் என்று முடித்தாள். அன்றைய பேச்சுக்களுள் அதுவே சிறந்தது. ஏனை இருவரும், தலைவரை இழிவுபடுத்தினாள் என்று பரிசு மறுத்தனர். எம் ஒருவர் சொல் எடுபடவில்லை. அவள் எம்மிடம் வந்து, "ஐயா, நான் சொன்னதில் எது பொய்?" என்று கேட்டாள். ஒன்றும் பொய்யன்று என்றோம். "பிறகு ஏன் ஐயா?" என்றாள். அதற்குரிய விடையை ஒரு சொல்லிற் கூற எம்மால் இயலவில்லை.

இவ்வழக்கம் நமக்கே உரியதன்று. அமெரிக்க நாட்டு முதற் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1799-இல் மறைந்தார். அவர் சரிதம் எழுதிய வீம்ஸ் என்னும் பாதிரியார், சிறுவன் வாஷிங்டன் தந்தையின் செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டிவிட்டுப் பொய்யுரையாது ஒப்புக்கொண்டான் என்றொரு கதையை 1806-இல் வெளிவந்த பதிப்பிற் சேர்த்தார். அதற்குச் சான்று ஒன்றுமில்லை. பிள்ளைகட்கு வாய்மை கற்பிக்கப் பாதிரியார் ஒரு பொய்யைப் புனைந்தார். நம் பாடநூல்கள் வரையிலும் அக்கதை வந்து சேர்ந்ததை நேயர்கள் நினைவுகூர்க.

உயிரோடிருந்த அண்ணாவின்மேல் இவ்வூர் ஏற்றிய பாரம் வேறு. 1953-இல் கைத்தறித் துணி விலைபோகாது தேங்கி நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்த காலத்து, தாமும் தம் தோழர்களும் அத்துணியைத் தெருக்களிற் சுமந்து விற்றவர் அவர். 1957-இல் இந்நகரத்தார் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். அவர் கட்சிக்கு அப்போது கிடைத்தவை 15 இடங்கள். 1962-இல் அது 50 ஆக வளர்ந்தது. வளர்த்தவரோ பிறந்த ஊரிலேயே காங்கிரசு வேட்பாளர் எஸ்.வி. நடேச முதலியாரிடந் தோற்றார். தோல்விக்குக் காரணம் பல. எதிர்க்கட்சியார் இத்தொகுதியைக் குறிவைத்து உழைத்ததும் அவற்றுள் ஒன்று. எனினும் தறிமேடையில் முதியோர் சிலர் சொல்ல யாங் கேட்டது வேறொன்று: "அண்ணா ஊருக்கெல்லாம் ஆள் ஆகிவிட்டார், நம் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தாரா? நம் பையனுக்கு ஒரு வேலை சொன்னாரா?" என்பதே அது. நாடெங்கும் நடந்து திரிந்தவரிடம், நம் திண்ணையில் வந்து அமரவில்லையே என்ற ஏக்கம் வாக்குச் சீட்டாகவும் மாறக்கூடும் போலும். ஐந்தாண்டு கழித்து, 1967-இல், காமராசரை அவர் பிறந்த விருதுநகரே தோற்கடித்தது. வென்றவர் மாணவர் தலைவராயிருந்த சீனிவாசன். இரு பெருந் தலைவர்களை இரண்டு சொந்த ஊர்கள் கைவிட்ட கதையைத் தமிழர் மறத்தலாகாது. அண்ணா சோர்ந்து அமர்ந்தாரல்லர். அவ்வாண்டே மாநிலங்களவைக்குச் சென்றார். விலைவாசி உயர்வை எதிர்த்துச் சிறையும் புகுந்தார். பிள்ளைகட்குச் சொல்லத் தக்கது இத்தோல்வியும் இதன் பின்னர் நிகழ்ந்ததுமே என்பது எம் கருத்து. நம் விழா மலர்களிலோ 1962 என்னும் ஆண்டே காணப்படுவதில்லை.

அங்ஙனமாயிற் பொதுவாழ்விற் புகுந்தாரை ஒன்றுமே கேட்கலாகாதோ எனின், கேட்கலாம், கேட்டே ஆகவேண்டும். ரூபாய்க்கு மூன்று படி அரிசி தமது குறிக்கோள் என்று வாக்களித்துப் பதவியேறியவர், ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியதோடு நிற்க நேர்ந்தது. ஏன் என்று கேட்பது குடிகளின் உரிமை. 1968 டிசம்பர் 25-ஆம் நாளிரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அஃது அவர் ஆட்சியில் நிகழ்ந்தது. அவர் நோயுற்றிருந்தார் என்பது உண்மை. அதனால் அவ்வாட்சி விடை கூறும் கடனினின்று நீங்கிவிடாது. இக்கேள்விகளை விடுத்து, எத்தனை மணிக்கு எழுந்தார், யாருடன் பழகினார், பையில் என்ன வைத்திருந்தார் என்று ஆராய்வோரும், அவற்றை மூடி மறைப்போரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். ஆட்சியை அளக்க வேண்டிய கோலால் ஆளை அளக்கின்றனர்.

அடுத்துக் கூறுவது நம் சங்கத்தார் சிலர்க்குக் கசக்கலாம், எனினுங் கூறுவோம். அண்ணா சாதி ஒழிய வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் பேசியவர். முதலமைச்சரானதும், சடங்கின்றி நடைபெறும் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்க 1967-இற் சட்டம் இயற்றியவர். நாமோ அவர் படத்தை மண்டபத்தில் மாட்டி, அப்படத்தின் கீழமர்ந்து குலமுங் கோத்திரமும் பார்த்துப் பெண் பேசுகின்றோம். எல்லா வகையிலும் அவர் எடுத்துக்காட்டாக விளங்கல் வேண்டும் என்கின்றோம். அவரே பிறர்க்கு எடுத்துக்காட்டாக வைக்க விரும்பிய ஒன்றை மட்டும் நாம் வேண்டாம் என்கின்றோம். ஒட்டக்கூத்தர் மறுத்ததைக் கேளாத செவியே இதனையுங் கேளாதிருக்கின்றது.

இதன் விலையை இன்று கொடுப்போரும் பிள்ளைகளே. நம்மவருள் ஒரு பெண் ஆட்சிப்பணித் தேர்விலோ மருத்துவத்திலோ தேறினால் உடனே பாராட்டு விழா எடுக்கின்றோம். அவள் தோளிற் போர்த்தும் பட்டின் எடை சிறிது. அங்கே பேசுவோர் ஏற்றுவது பெரிது. திருப்பணிக்குத் தரவேண்டும், உறவினர்க்கு வேலை வாங்கித் தரவேண்டும், குலத்துக்குள்ளேயே மணக்க வேண்டும், ஒருநாளும் தவறலாகாது, உன்னைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்வர் என்கின்றோம். இருபத்துமூன்று வயதுக் குழந்தை அம்மேடையில் கைகூப்பி நிற்பதை யாம் பன்முறை பார்த்திருக்கின்றோம். அவளைப் பெற்றவரும் கீழே கைதட்டிக்கொண்டே இருப்பர்.

பெரியோரின் குறைகளைப் பிள்ளைகட்குச் சொன்னால் அவர்கள் கெட்டுப்போவாரன்றோ என முதியோர் சிலர் வினவுகின்றனர். அண்ணாவே புகையிலை போட்டார் என்றறிந்தால் நம் பையனும் போடுவான் என அஞ்சுகின்றனர். நம் பையன் புகையிலையை அண்ணாவிடமா கற்கின்றான்? தறிக்குழியிற் காலிட்டு அமர்ந்தவர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பொழுதெல்லாம் நெய்வதை அவன் தொட்டிலிலிருந்தே பார்க்கின்றான். அண்ணாவுக்கு உணவுக்குழாயிற் புற்று வந்தது; புகையிலைப் பழக்கமே அந்நோயை வளர்த்ததென்பர். 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரம் சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்டார். ஐந்து திங்களுக்குள் முடிந்தது. நம் நகர்ப்புறத்துக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இருக்கின்றது. நம் தறிக்காரரும் அங்கே படுத்திருக்கின்றனர். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் பேருந்தின் சாளரத்து வழியே அப்பெயர்ப் பலகையைப் படித்துச் செல்கின்றனர். பல்கலைக்கழகத்துக்கும் சாலைக்கும் இட்டதுபோல் இதற்கும் அப்பெயரை இட்டனர் போலும் என்றே எண்ணுகின்றனர்.