நடந்து வந்தவர்

பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் என்று ஒரு தாத்தா தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அந்த ஒரு வாக்கியத்திலேயே அவர் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அதற்கு முன் என்ன செய்தார், ஏன் நடக்க நேர்ந்தது, கூட யார் நடந்தார்கள் என்பவை வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. குடும்பம் தன் மூத்தவரை நேசிக்கும் விதம் இது. சரித்திரத்தின் வேலை அந்த வாக்கியத்தைத் திரும்பப் பிரித்துப் பார்ப்பது.

1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனின் நான்கு லட்சம் ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8இல் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் போக மற்றவர்கள் நடந்தார்கள். ப்ரோமிலிருந்து அரக்கான் மலைகளைக் கடந்து கடற்கரைக்கு ஒரு வழி. சிந்துவின் ஆற்றைத் தாண்டி டாமு வழியாக மணிப்பூருக்கு இன்னொன்று. வெளியேறிய இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். அவர்களைச் சரியாக எண்ணியவர் எவருமில்லை. வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு வேறு பாதை என்ற புகார் அப்போதே எழுந்தது.

என் தாத்தா மணிப்பூர் வழியாக வந்தவர். கடைசிக் காலத்தை அசோக் நகரில் கழித்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை உண்டு. யானைத்தடம், மூங்கில் தெப்பம், ஒரு வேளைச் சோற்றுக்குக் கொடுத்த கைக்கடிகாரம் என்று சலிக்காமல் சொல்வார். சிறுவர்களாகிய எங்களுக்கு அவரைவிடப் பெரிய வீரர் இல்லை. ஆனால் பாட்டி கூடத்துக்கு வந்துவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பாட்டியும் அதே வழியை நடந்தவள்தான், இடுப்பில் ஒரு குழந்தையோடு. அத்தைக்கு முன்னால் பிறந்தது அது. டாமுவுக்கு இந்தப் பக்கம் அதன் பெயரை யாரும் சொன்னதில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. ரங்கூனில் தாத்தா ஒரு லேவாதேவிக் கடையில் கணக்குப்பிள்ளை. 1930இல் நெல் விலை விழுந்தபோது பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25. அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, வராத கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது என்பது உண்மைதான். நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யவில்லை. 1938இல் ரங்கூனில் இந்தியருக்கெதிராக வெடித்த கலவரத்தின் பின்னால் இதுவும் இருந்தது. ஈட்டுப் பத்திரங்களில் கிடந்தது தாத்தா போன்றவர்களின் எழுத்து. அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வீட்டில் இன்றும் பெருமை.

வெ. சாமிநாத சர்மாவும் நடந்து வந்தவர். 1937 முதல் ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய அவர், 1942இல் மனைவி மங்களத்துடன் புறப்பட்டார். அவர் எழுதிய 'பர்மா வழிநடைப் பயணம்', 1978இல் அவர் மறைந்த பின்னர்தான் நூலாயிற்று. ஐந்து லட்சம் பேர் பட்ட ஒரு அனுபவத்துக்குத் தமிழில் எழுத்துச் சாட்சியம் எவ்வளவு குறைவு என்பதை நினைக்கும்போது அந்த நூலின் மதிப்பு தெரிகிறது. வாய்வழிக் கதையில் தாத்தா மட்டும் நடக்கிறார். எழுத உட்கார்ந்தவன் உடன் வந்தவர்களையும் பார்த்தாகவேண்டியிருக்கிறது.

அசோக் நகரின் அடையாளமான தூண் 1964இல் எழுப்பப்பட்டது. உச்சியில் சிங்கங்கள் இருக்கின்றன. அந்தப் பெயருக்குரிய அரசன் தன் கலிங்கப் போரின் கணக்கைத் தானே பாறையில் வெட்டச் சொன்னவன். தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில், பிடித்துக்கொண்டு போனவர்கள் ஒன்றரை லட்சம், கொல்லப்பட்டவர்கள் ஒரு லட்சம், மாண்டவர்கள் அதைப்போல் பல மடங்கு என்கிறான். ஆனால் கலிங்கத்திலேயே இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கல்வெட்டு இல்லை. இழந்தவர்களின் முன்னிலையில் அதைச் சொல்ல அவனுக்கும் இயலவில்லை போலும். பாட்டி வந்ததும் தாத்தா பேச்சை மாற்றியதை இப்போது என்னால் இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

அவர் துணிச்சல்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீரம் என்று நாம் கொண்டாடுவது அவராகத் தேர்ந்துகொண்டதல்ல. போக வேறு வழியில்லாதபோது நடந்தார். அவராகத் தேர்ந்துகொண்டவை கடை வேலையும் மௌனமும்தான். நேசிப்பதென்றால் அவற்றையும் சேர்த்தே நேசிக்கவேண்டும்.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தக் குழந்தையின் பெயர் அவளுக்காவது தெரியுமா என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும்.