கல்லை விட்டு அடைப்பைப் பிடித்த சொல்

கால்நடை நோய்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களில் ‘அடை’ என்ற வினை அடிக்கடி வந்து நிற்கிறது. ஆந்த்ராக்ஸுக்கு அடைப்பான். மழைக்காலத்தில் மாட்டுக்கும் எருமைக்கும் தொண்டை வீங்கி மூச்சு முட்டினால் தொண்டை அடைப்பான். கிடாய்க்கோ காளைக்கோ மூத்திரம் நின்றுபோனால் கல்லடைப்பு. முதல் இரண்டும் நுண்ணுயிரால் வருபவை, மூன்றாவது பெரும்பாலும் தீவனத் தொட்டியில் தொடங்குவது. மருத்துவ நூலில் இவை மூன்றும் ஒரே அத்தியாயத்தில் வராது. பட்டியில் நின்று பெயர் வைத்தவருக்கு அந்த அத்தியாயப் பிரிவு தேவைப்படவில்லை. எது நின்றுபோயிற்று என்று பார்த்தார், பெயர் கிடைத்துவிட்டது.

இந்தக் குடும்பத்துச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு தெரியும். மூக்கடைப்பு, காதடைப்பு, மாரடைப்பு ஆகியவற்றில் முன்சொல் இடத்தைச் சொல்கிறது. நீரடைப்பில் அது, வெளியே வர வேண்டியது எதுவோ அதைச் சொல்கிறது. கல்லடைப்பிலோ முன்சொல் குற்றவாளியின் பெயர். கல்லால் ஏற்பட்ட அடைப்பு. தமிழாசிரியரிடம் கேட்டால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று ஒரே மூச்சில் சொல்வார். சித்த மருத்துவத்தில் இதற்கு அடுத்த வீட்டுக்காரன் சதையடைப்பு. வழியை மறிப்பது கல்லா, சதையா என்று பெயரிலேயே பிரித்துவிட்டார்கள்.

பிற மொழிகள் பெரும்பாலும் கல்லோடு நின்றுவிட்டன. வடமொழியில் அஸ்மரி, கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. லத்தீனில் கால்குலஸ், சிறு கூழாங்கல். ரோமானியர் கூழாங்கற்களை வைத்துக் கணக்குப் போட்டதால் கால்குலேட்டரும், கல்லூரியில் பிள்ளைகளைப் படுத்தும் கால்குலஸும் அதே சொல்லிலிருந்து கிளைத்தன.

கல்லின் வகைக்கு வைத்த பெயரில்தான் கதை இருக்கிறது. தானியம் தின்று கொழுத்த கிடாயின் மூத்திரத் தாரையில் அதிகம் அகப்படுவது மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். அதன் பெயர் ஸ்ட்ரூவைட். 1842 மே மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் பற்றி எரிந்தது. புனித நிக்கோலாய் தேவாலயமும் அதில் போயிற்று. புதிய தேவாலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, பழைய காலத்து மாட்டுச் சாணம் மக்கிக் கிடந்த மண்ணிலிருந்து பளபளப்பான படிகங்கள் வந்தன. கேயார்க் லுட்விக் உலெக்ஸ் என்ற வேதியியலாளர் 1845இல் அவற்றை ஆராய்ந்து புதிய கனிமம் என்று அறிவித்தார். பெயரைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஹாம்பர்க்கில் இருந்த ரஷ்யத் தூதர், இயற்கை ஆய்வில் நாட்டமுள்ள ஹைன்ரிக் கிறிஸ்டியன் காட்ஃபிரீட் ஃபான் ஸ்ட்ரூவ என்பவருக்குக் கொடுத்தார். பறவை எச்சக் குவியலிலும் இதே பொருள் கிடைத்ததால் குவானைட் என்று வேறொரு பெயரும் எழுந்தது. குவானோ என்றால் பறவை எச்சம். என்னைக் கேட்டால் அதுதான் நியாயமான பெயர். ஆனாலும் தூதரே வென்றார். மாட்டுக் கொட்டிலின் கழிவில் பிறந்த பொருள் ஒரு ராஜதந்திரியின் பெயரோடு இன்று ஆட்டு மருத்துவ நூல்களில் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்ட்ரூவைட் என்ற பெயர் கல் எதனால் ஆனது என்று அறிந்தவருக்கு உதவும். கிடாய் ஏன் சாகிறது என்பதற்கு அதில் விடை இல்லை. பெட்டை ஆட்டுக்கும் கல் உண்டாகலாம். அதன் மூத்திரத் தாரை குட்டை, அகலம்; மணலோ சிறு கல்லோ நீரோடு வெளியே வந்துவிடும். கிடாய்க்குத் தாரை நீளம், நடுவில் இரட்டை வளைவு, நுனியில் புழுப்போல ஒரு சன்னக் குழல். கல் பெரும்பாலும் அந்த வளைவிலோ நுனிக்குழலிலோ மாட்டும். குட்டியிலேயே காயடித்துவிட்டால் தாரை அகலமாக வளர்வதும் நின்றுவிடுகிறது. ஆகவே பெட்டைக்குக் கல், கிடாய்க்குக் கல்லடைப்பு. சொல்லின் பின்பாதி அங்கே தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

தீவனத்துக்கு வருவோம். தழை மேயும் ஆடு நெடுநேரம் அசைபோடும். அப்போது ஊறும் எச்சிலோடு பாஸ்பரஸ் இரைப்பைக்குப் போய் புழுக்கையில் கழிந்துவிடும். நேர்ந்துவிட்ட கிடாய் என்றும், பக்ரீத்துக்கு எடை ஏற வேண்டும் என்றும் மக்காச்சோளமும் தவிடும் அள்ளிப் போட்டால், அசைபோடுவது குறைகிறது, பாஸ்பரஸ் மூத்திரத்தில் இறங்குகிறது. அதனால்தான் தீவனத்தில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க உப்பும், மூத்திரத்தின் காரத்தைக் குறைக்க அம்மோனியம் குளோரைடும் சேர்க்கச் சொல்வதும் இதற்கே.

அடைத்துக்கொண்ட கிடாய் முதுகை வளைத்து நிற்கும். முக்கும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், பல்லை நறநறக்கும். குறியின் முனை மயிரைப் பிடித்துப் பார்த்தால் உப்புப் பொரிந்தது மாதிரி மணல் ஒட்டியிருக்கும். பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு பகலைத் தொலைக்கிறார்கள். பிறகு திடீரென்று முக்கல் நிற்கும். தேறிவிட்டது என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் உள்ளே மூத்திரப்பை வெடித்திருக்கும். வயிறு இரண்டு பக்கமும் இறங்கிவிடும். அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்கள் இந்தக் கட்டத்துக்கு ‘வாட்டர் பெல்லி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடைப்பையும் கல்லையும் விட்டுவிட்டு, கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பெயர் வைத்த மாதிரி.

நம் ஊரில் கல்லுக்குச் சொல்லப்படும் மருந்து சிறுபீளையும் நெருஞ்சிலும். கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூதான் சிறுபீளை. இரண்டும் நீரைப் பெருக்குபவை என்று சித்த மருத்துவம் சொல்கிறது. சொல்லின் முன்பாதியை மட்டும் படித்தவர் இங்கே தவறுகிறார். வழி முழுதாக மூடிக் கிடக்கையில் கஷாயம் கொடுத்து நீரைப் பெருக்கினால், கல் நகராது, பைதான் சீக்கிரம் வெடிக்கும். தண்ணீரைப் பலவந்தமாகப் புகட்டினாலும் அதே கதி. முதலில் திறக்க வேண்டியது வழி. கல் நுனிக்குழலில் இருந்தால் மருத்துவர் அதைக் கத்தரித்துவிடுவார், நீர் பீய்ச்சும். மேலே வளைவில் இருந்தால் அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

இப்போது மனிதருக்கும் ஆட்டுக்கும் பொதுவாகச் ‘சிறுநீரகக் கல்’ என்று சொல்லும் வழக்கம் பரவிவருகிறது. கிடாய் விஷயத்தில் இது இடத்தையே தவறாகக் காட்டும் பெயர். தொல்லை சிறுநீரகத்தில் இல்லை, ஒரு முழத்துக்குக் கீழே தாரையில் இருக்கிறது. துண்டறிக்கை எழுதுபவர்கள் கல்லடைப்பு என்றே எழுதட்டும்.

கிடாய் முக்குவதைப் பார்த்தால் புழுக்கை போட்டதா என்று கேட்பதற்கு முன், கடைசியாக எப்போது மூத்திரம் பெய்தது என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிட 1962.