தபாற் செலவும் கடதாசி மடிப்பும்: கையால் செய்த வாழ்த்து மடல்களின் கதை

வெளிநாட்டில் உறவினர் இருந்த எவரும் அந்த நீலநிற எயார் லெட்டரை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு தாள். எழுதி முடித்ததும் அச்சிட்ட கோடுகளின் வழியே மடித்து, பசை பூசிய விளிம்பை நாவால் ஈரப்படுத்தி ஒட்டிவிட்டால் அதுவே கடிதம், அதுவே உறை. உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கும். பிள்ளையின் படமொன்றை வைத்து அனுப்ப வேண்டுமென்றால் உறை வாங்க வேண்டும், முத்திரைக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 1933இல் ஈராக்கின் தபால் சேவைக்குப் பொறுப்பாக இருந்த டக்ளஸ் கம்ப்ளி என்ற ஆங்கிலேயரின் வடிவமைப்பில் அறிமுகமான இந்த முறை, 1941இல் பிரித்தானியப் படையினருக்கும், பின்னர் உலகம் முழுவதற்கும் பரவியது. அமெரிக்கத் தபால் சேவை 2006இலும், பிரித்தானியாவின் ரோயல் மெயில் 2012இலும் இதனைக் கைவிட்டன.

வாழ்த்து மடல்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எயார் லெட்டரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கடதாசியை மடித்து மலராகவும் நட்சத்திரமாகவும் அட்டையில் ஒட்டும் கலையை நாம் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறோம். அது பொழுதுபோக்குத்தான். ஆனால் அந்த மடிப்புகளின் வரலாற்றைத் துருவிக்கொண்டு போனால், திரும்பத் திரும்பத் தபால் கந்தோரின் வாசலிலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1840க்கு முந்திய பிரித்தானியாவில் கடிதத்துக்கான கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்தே கணிக்கப்பட்டது. ஒரு தாளுக்கு ஒரு கட்டணம், இரு தாளுக்கு இருமடங்கு. உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டது. ஆகவே, வசதி படைத்தவரும் அரசாங்கச் சலுகை பெற்றவருமே உறையை நினைத்துப் பார்க்க முடிந்தது. மற்றவர்கள் எழுதிய தாளையே மடித்து, ஒரு ஓரத்தை இன்னொன்றுக்குள் செருகி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார்கள். சிக்கனத்துக்காகக் கற்ற இந்தக் கைப்பழக்கமே விளையாட்டாகவும் மாறியது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜேர்மானியர் மத்தியிலும் ‘புதிர்ப் பை’ எனத்தக்க ஒரு காதல் மடல் வழக்கில் இருந்தது. சதுரத் தாளொன்றை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மூன்றாக மடித்து, நடுவைச் சற்றே முறுக்கிக் காற்றாடி போலப் படிய வைப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணிட்ட செய்யுள் ஒன்று இருக்கும். பெறுபவர் அந்த ஒழுங்கிலேயே விரித்துக்கொண்டு போனால், கடைசியில் நடுச்சதுரத்தில் வரைந்த இதயம் தெரியும். திரும்பப் பழையபடி மடிப்பது எல்லோராலும் முடிகிற காரியமன்று.

1840 ஜனவரியில் பிரித்தானியா முழுவதற்கும் ஒரு பென்னிக் கட்டணம் வந்தது. மே மாதத்தில் ‘பென்னி பிளாக்’ முத்திரை வந்தது. மலிவானது பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இனிமேல் தாள்களை எண்ணுவதில்லை, நிறையைப் பார்ப்பார்கள் என்றானது. அரை அவுன்சுக்கு உட்பட்டால் உறைக்குள் எதை வைத்தாலும் ஒரே கட்டணம். அமெரிக்காவும் 1845இல் இதே வழிக்கு வந்தது. அரை அவுன்ஸ் கடிதம் 300 மைலுக்குள் 5 சதம், அதற்கு மேல் 10 சதம். 1843இல் லண்டனில் ஹென்றி கோல், ஓவியர் ஜோன் ஹோஸ்லியைக் கொண்டு 1000 நத்தார் வாழ்த்து அட்டைகளை அச்சிட்டுத் தலா ஒரு சிலிங்குக்கு விற்ற கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அது அச்சு அட்டை. கையால் ஒட்டி, மடித்துச் செய்த அட்டையின் கதையை அத்திலாந்திக்கின் மறுகரையில்தான் தேட வேண்டும்.

எஸ்தர் ஹௌலண்ட் 1828இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தவர். தந்தை அங்கே புத்தகமும் எழுதுபொருட்களும் விற்ற பெரிய வியாபாரி. 1847இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் படித்து வெளியேறினார். (கவிஞர் எமிலி டிக்கின்சனும் இவரும் ஒரே வகுப்பில் படித்ததாகப் பல கட்டுரைகளில் காணலாம். டிக்கின்சன் அங்கே சேர்ந்தது 1847இன் பிற்பகுதியில், அதாவது ஹௌலண்ட் படித்து முடித்த பின்னர். ஒருவர் எழுதியதை மற்றவர் பிரதி பண்ணும் வியாதி எங்கள் தொழிலுக்கு மட்டும் உரியதன்று போலும்.) அந்தக் காலத்தில் அவர் கைக்கு இங்கிலாந்திலிருந்து வந்த வலன்ரைன் தின மடல் ஒன்று கிடைத்தது. புடைப்பு அச்சிட்டு, மேடான பகுதிகளைத் தேய்த்துத் துளையாக்கிய மெல்லிய லேஸ் கடதாசியில் செய்தது. இதைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியும் என்று ஹௌலண்ட் நினைத்தார். தந்தை மூலம் லேஸ் கடதாசியும் வண்ணத் தாள்களும் தருவித்து ஒரு டசின் மாதிரிகளைச் செய்தார். கடைக்காக வெளியூர் சென்ற சகோதரர் அவற்றையும் எடுத்துச் சென்றார். 200 டொலருக்குக் கட்டளை வந்தாலே போதும் என்றிருந்தவருக்கு, 5000 டொலருக்கு மேற்பட்ட கட்டளைகளோடு சகோதரர் வந்து நின்றார் என்பது அவரைப் பற்றி எழுதும் எவரும் விடாமல் சொல்லும் செய்தி.

தனியொருத்தியால் இது ஆகாது. தோழிகளை அழைத்து வீட்டு மேல்மாடியில் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். ஒருத்தி படங்களைக் கத்தரிப்பாள். அடுத்தவள் அடித்தாளைத் தயார் செய்வாள். இன்னொருத்தி லேஸை ஒட்டுவாள். மாதிரியைச் செய்வது ஹௌலண்ட். இறுதியில் ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதும் அவரே. மேசை போதாமற்போனபோது, ஒரு வகை மடலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்து வீடுகளுக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் வண்டிக்காரர் வந்து முடிந்த மடல்களை எடுத்துச் செல்வார். ஹென்றி ஃபோர்ட் தமது கார்த் தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தது 1913இல். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் அறிவு அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வூஸ்ரர் வீடொன்றின் மேல்மாடியில் பெண்களின் கையில் இருந்தது.

அந்த மடல்களின் சிறப்பு மடிப்பில்தான் இருந்தது. சிறிய கடதாசித் துண்டை, சேலைக்குக் கொய்யகம் வைப்பது போல, முன்னும் பின்னுமாக மடிப்பார்கள். அதன் ஒரு நுனி அடித்தாளில், மறுநுனி லேஸின் முதுகில் ஒட்டப்படும். இப்படி மூலைக்கொன்றாக வைத்துவிட்டால், உறைக்குள் அழுத்தும்போது மடிப்புகள் படிந்து தட்டையாகிவிடும். வெளியே எடுத்தவுடன் லேஸ் சற்று மேலெழும். அதன் துளைகளின் ஊடாகக் கீழேயுள்ள படம் ஆழத்தில் தெரியும். லேஸின் அடியில் பளபளக்கும் சிவப்பு, நீலத் தாள்களை வைத்துத் துளைகளை ஒளிர வைத்ததும் அவர் கண்ட உத்தி என்கிறார்கள். தபாலில் போகும் அலங்காரத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். நிறை கூடக் கூடாது, பையில் நசுங்கக் கூடாது. உலர்ந்த பூவும் சிப்பியும் இந்தச் சோதனையில் தோற்றன. மடித்த கடதாசி வென்றது. நசுங்குவதே அதன் வேலை. இரு நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி மடித்துச் செய்யும் இதன் உறவுக்கார வில்லை, ஒல்லாந்துப் பிள்ளைகள் ‘எலிப்படி’ என்றும் ஜேர்மானியப் பிள்ளைகள் ‘சூனியக்காரியின் படி’ என்றும் அழைக்கிறார்கள்.

மடலின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய ‘எச்’ எழுத்து இருக்கும். அது ஹௌலண்டின் முத்திரை. 1870இல் நியூ இங்கிலாந்து வலன்ரைன் கம்பனி என்று நிறுவனம் பெயர் பெற்றபின் அதன் முதலெழுத்துகள் வந்தன. 1866இல் முழங்காலில் பட்ட காயத்தால் சக்கர நாற்காலியிலிருந்தே அவர் தொழிலை நடத்தினார். உள்ளே இருக்கும் செய்யுள் பிடிக்காதவர்கள் தெரிந்தெடுத்து மேலே ஒட்டிக்கொள்ளட்டும் என்று 1879இல் ஒரு செய்யுட் புத்தகமும் வெளியிட்டார். நோயுற்ற தந்தையைப் பார்க்க வேண்டியிருந்ததால், ஓராண்டு இரண்டாண்டில் தொழிலை அதே ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் விற்னிக்கு விற்றுவிட்டார். வலன்ரைன் மடல்களால் பணமீட்டிய அவர் திருமணம் செய்யாமலே 1904இல் காலமானார். விற்னியின் நிறுவனம் இயந்திரங்களை வைத்து லேஸையும் தானே செய்தது. 1942இல் போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டில் அது மூடப்பட்டது.

ஹௌலண்டை ‘அமெரிக்க வலன்ரைனின் தாய்’ என்கிறார்கள். அவருக்கு முன்பே நியூயோர்க்கில் சிலர் இத்தகைய மடல்களை வெளியிட்டார்கள் என்பதால் ‘முதல்வர்’ என்று சொல்வது பொருந்தாது. என்னை உறுத்துவது அதுவன்று. வூஸ்ரரிலுள்ள அமெரிக்கத் தொல்பொருட் சங்கத்தின் நூலகத்தில் அந்த மடல்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. மடிப்புகள் சில இன்னும் எழுந்து நிற்கின்றன. ஆனால் எந்த மடிப்பு எவள் விரல் வைத்தது என்று எந்த மடலும் சொல்வதில்லை. இன்று ‘கையால் செய்தது’ என்ற சொல்லைக் கேட்டதும் ஓய்வுநேரமும் மனநிறைவும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெட்டிகளை வாங்கி வைத்து அடுப்படி மேசையில் இரவில் ஒட்டியவர்களுக்கு அது கூலி.

இதற்குப் பின்னர் அச்சு இயந்திரம் வாழ்த்து மடலை நெடுங்காலம் ஆண்டது. மடிப்பு சிறுவர் பாடசாலைக்குப் போய் ஒதுங்கியது. ஜேர்மனியில் ஃபுரோபல் என்ற கல்வியாளர் 1837இல் தொடங்கிய பாலர் கல்விமுறையில் கடதாசி மடிப்பும் ஒரு பயிற்சி. அது ஐரோப்பா முழுவதும் பரவியது. அந்தப் பயிற்சி ஊறிய நெதர்லாந்தில், 1992இல் ரினி வான் டெர் பிளாஸ் என்ற பெண்மணி தேயிலைப் பையின் வெளியுறையை மடித்து அட்டையை அலங்கரிக்கும் முறையைத் தொடக்கினார். சிறு சதுரங்களாக வெட்டிய எட்டு உறைகளை ஒரே விதமாக மடித்து, ஒன்றின் விளிம்பை அடுத்ததற்குள் செருகிக்கொண்டே வட்டமாக வந்தால் ஒரு மலர். உறையிலுள்ள ஒரே படம் எட்டுத் தடவை திரும்பத் திரும்ப வருவதால் கலைடொஸ்கோப்பில் பார்ப்பது போன்ற கோலம் உண்டாகிறது. தேயிலை விளையும் நாட்டவரான நமக்கு அந்த உறை குப்பை. அவர்களோ பின்னர் தேயிலையே இல்லாமல் சதுரங்களை மட்டும் அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள்.

அதே நெதர்லாந்தில் இன்னொன்று. அட்டையில் ஒரு வடிவத்தை வெட்டி, பின்புறமிருந்து மடித்த நாடாக்களைச் சுழற்சியாக அடுக்கிக்கொண்டு வந்தால், நடுவில் கமராவின் கண்மணி போன்ற துவாரம் மிஞ்சும். ‘ஐரிஸ் மடிப்பு’ என்பது இதன் பெயர். இதற்கு முதலில் பயன்பட்டவை, உள்ளேயிருக்கும் எழுத்து வெளியே தெரியாதபடி கடித உறைகளின் உட்புறத்தில் அச்சிடப்படும் கோலங்கள். ஒரு காலத்தில் தாளாக எண்ணப்பட்டு இருமடங்கு கட்டணம் கேட்ட உறை, கிழித்தெறிந்த பிறகு வாழ்த்து மடலின் அலங்காரமாகியிருக்கிறது.

தபால்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2006 ஓகஸ்ட்டில் ரோயல் மெயில் நிறையோடு அளவையும் கணக்கிலெடுத்தது. 5 மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் அது ‘பெரிய கடிதம்’, கட்டணமும் பெரிது. கடதாசி ரோசாவை அட்டையில் ஒட்டுபவர்கள் அன்றிலிருந்து அடிமட்டத்தையும் கையில் வைத்திருக்கிறார்கள். கொய்யகம் போலப் படியும் ஹௌலண்டின் வில் இவர்களுக்கு இன்றும் உதவக்கூடும்.

டென்மார்க்கில் ஈஸ்ரருக்கு முன் பிள்ளைகள் அனுப்பும் ஒரு மடல் உண்டு. தாளை மடித்துக் கத்தரித்து லேஸ் போல விரித்து, ஒரு செய்யுளும் பனித்துளிப் பூவொன்றும் வைத்து, பெயருக்குப் பதிலாக எழுத்துக்கொரு புள்ளி வைப்பார்கள். அனுப்பியவர் யாரென்று கண்டுபிடிக்கத் தவறினால் ஈஸ்ரர் முட்டை கொடுக்க வேண்டும். அந்த நாட்டின் அரச தபால் சேவை 400 ஆண்டுகளாகச் செய்துவந்த கடித விநியோகத்தை 2025 டிசம்பர் 30ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. வீதியோரத்துச் சிவப்புத் தபாற்பெட்டிகள் 1500ஐயும் அதற்கு முன்னரே, அவ்வாண்டு ஜூனிலிருந்து அகற்றத் தொடங்கிவிட்டார்கள். இப்போது கடிதங்களைத் தனியார் நிறுவனமொன்று கொண்டுசெல்கிறது. மடலைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்வதானால் மேலதிகக் கட்டணம்.