கடைசியாக நடப்பவர்

குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும்போது, அது விழுந்துவிடாமல் தாங்கிக்கொள்ள வீடே ஓடி வருகிறது. அதே மனிதர் எழுபது, எண்பது ஆண்டுகள் கடந்து தளர்நடை நடக்கும்போது, உடன் நடக்க எத்தனை பேர் இருக்கின்றனர்? வாழ்க்கைத் துணை மறைந்துவிடுகிறது. பிள்ளைகள் பிழைப்பைத் தேடித் தொலைவுக்குச் சென்றுவிடுகின்றனர். உடன் பணியாற்றிய நண்பர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். இறுதியில் எஞ்சுவது சாத்திய கதவும், அதற்குள்ளே ஒரு நாற்காலியும்தான். அந்த நாற்காலியிலிருந்து முதியோரை எழுப்பி வெளியே அழைத்துவர இங்கிலாந்தில் மேற்கொள்ளப்பட்ட ஒரு முயற்சியின் வரலாறு மிக எளியது. ஆயினும் நம் சிந்தனைக்குரியது.

நடப்பதற்கும் ஒரு போராட்டம்

வாரம் முழுவதும் ஆலைப் புகையில் உழைத்த மான்செஸ்டர், ஷெஃபீல்டு நகரத் தொழிலாளர்களுக்கு ஞாயிறன்று மலைவெளியில் கூடி நடப்பதே ஓய்வாக இருந்தது. ஆனால் அம்மலைவெளிகளுள் பல, பறவை வேட்டைக்காகச் செல்வந்தர்களால் மூடி வைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்னும் இளைஞரின் தலைமையில் ஏறத்தாழ 400 பேர் கிண்டர் ஸ்கௌட் மலைவெளிக்குள் தடையை மீறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1935இல் நடையர்களின் அமைப்பாகிய ராம்ப்ளர்ஸ் சங்கம் உருவாயிற்று. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறப் பாதைகளுக்கும் சட்டம் பிறந்தது. கூடி நடத்தல் என்பது அந்நாட்டில் வெறும் பொழுதுபோக்காக அன்றி, உரிமையாகவும் தோழமையாகவும் வேரூன்றியது இவ்வாறுதான்.

படியேறிய நடத்துநர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், இதயநோய் ஏன் பெருகுகிறது என்ற கேள்வி மருத்துவர்களை வாட்டியது. ஜெரி மாரிஸ் என்னும் ஆய்வாளர் லண்டன் நகரத்தின் இரட்டை மாடிப் பேருந்துகளை நோக்கினார். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார். நடத்துநரோ நாளொன்றுக்குச் சில நூறு படிகள் ஏறி இறங்குகிறார். இருவரும் ஒரே வண்டியில், ஒரே சாலையில் செல்பவர்களே. ஆயினும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. 1953இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த இந்த ஆய்வு, உடலின் அசைவே மருந்து என்பதற்கு வலுவான சான்றாயிற்று. 1910இல் பிறந்த மாரிஸ், 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

ஒரு கிராமத்து மருத்துவர்

மருந்து இன்னதென்று அறிந்தாலும், அதை உட்கொள்ளச் செய்வது எப்படி? “தினமும் நடங்கள்” என்று மருத்துவர் சொல்வார், நோயாளி தலையசைப்பார், வீடு சேர்ந்ததும் நாற்காலியில் அமர்வார். ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள சோனிங் காமன் என்னும் சிற்றூரின் மருத்துவரான வில்லியம் பேர்ட், 1990களின் நடுப்பகுதியில் வேறொரு வழியைக் கண்டார். அறிவுரை கூறி அனுப்புவதற்குப் பதிலாக, ஊரார் சேர்ந்து நடக்கும் ‘நலநடை’களைத் தொடங்கினார். இம்முயற்சி நாடெங்கும் பரவ, 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இதய அறக்கட்டளையும் நாட்டுப்புற முகமையும் இணைந்து அதை ஒரு தேசியத் திட்டமாக்கின. 2012இல் ராம்ப்ளர்ஸ் சங்கமும், புற்றுநோயாளருக்குத் தொண்டாற்றும் மேக்மில்லன் அமைப்பும் அதன் பொறுப்பை ஏற்றன. ஒரு காலத்தில் தடையை மீறி நடந்தவர்களின் வழித்தோன்றல்கள், முதியோரின் தளர்நடைக்குத் துணையாயினர்!

இந்நடையின் அமைப்பு முறையை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். கட்டணம் இல்லை. வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த இடத்தில் கூடுவர். பெரும்பாலும் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடப்பர். பல இடங்களில் நடை முடிந்ததும் தேநீர் உண்டு. வழிநடத்துவோர் சம்பளம் பெறாத தொண்டர்கள்; குறுகிய பயிற்சி பெற்றவர்கள். அவர்களுள் ஒருவர் முன்னே சென்று வழிகாட்டுவார். மற்றொருவர் எப்போதும் கூட்டத்தின் கடைசியில் நடப்பார். அவருக்குப் பின்னால் எவரும் இருத்தல் கூடாது என்பதே அவருடைய பணி. ஒருவர் மூச்சு வாங்க நின்றால், அவரும் நிற்பார். ஒருவர் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தால், அவர் காத்திருப்பார்.

தனிமை என்னும் நோய்

இதயத்தைக் காக்கத் தொடங்கிய முயற்சி, காலப்போக்கில் வேறொரு உண்மையை வெளிப்படுத்தியது. உடல்நலம் கருதி வந்தவர்கள் பலர், உறவு கருதியே தொடர்ந்து வந்தனர். வராத வாரத்தில் “ஏன் காணோம்?” என்று கேட்க ஒருவர் இருப்பதே அவர்களைக் கதவைத் திறந்து வெளியே வரச் செய்தது.

இதை மெல்லிய மனநிறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. 2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், வலுவான உறவுகள் உடையோர் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு மிகுதி என்று கண்டனர். 2015இல் சாரா ஹேன்சனும் ஆண்டி ஜோன்ஸும், 14 நாடுகளைச் சேர்ந்த 1,843 பேர் பங்கேற்ற 42 ஆய்வுகளைத் தொகுத்தனர். கூடி நடந்தவர்களிடம் இரத்த அழுத்தம் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது, இடையில் விட்டுச் சென்றவர்கள் சிலரே. தனிமையை எதிர்த்துக் குரல் கொடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் 2016இல் கொலையுண்டபின், அவர் பெயரால் அமைந்த ஆணையத்தின் முயற்சியைத் தொடர்ந்து, 2018இல் பிரிட்டன் தனிமைக்கென ஓர் அமைச்சரையே நியமித்தது.

வராதவர் யார்?

எனினும், இவ்வரலாற்றைப் புகழ்ச்சியோடு முடித்துவிடுதல் நேர்மையாகாது. நடைக்கு வருவோர் பெரும்பாலும் பெண்கள். ஓரளவு வசதி உடையோர். ஆண்கள் குறைவு, வறியோர் அதனினும் குறைவு. கால் முடங்கியவரும், பேருந்து வராத தெருவில் வாழ்பவரும், துயரத்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டவரும் அக்கூட்டத்தில் இல்லை. மிகுந்த தனிமையில் வாடுபவரே வர மாட்டாதவராக இருக்கிறார் என்பது இதன் பெருஞ்சிக்கல். 2020இல் கொரோனா நோய்த்தொற்றால் நடைகள் நிறுத்தப்பட்டபோது, வழக்கமாக வந்தவர்களும் அத்தனிமையைச் சுவைக்க நேர்ந்தது.

ஆகவே, அறிவிப்புப் பலகையில் நாளையும் நேரத்தையும் எழுதி வைப்பதோடு கடமை முடிவதில்லை. எவரேனும் ஒருவர் அக்கதவைத் தட்ட வேண்டும்; முதல் நாள் கைப்பிடித்து அழைத்துவர வேண்டும்; நடக்க இயலாதவரின் வீட்டுத் திண்ணையில் சற்று அமரவும் வேண்டும். முன்னே செல்பவரால் வழி கிடைக்கிறது. கடைசியாக நடப்பவராலேயே அது ஒரு குடும்பமாகிறது. முதியோருக்காக எதையேனும் தொடங்க விரும்புவோர், முதலில் தேடவேண்டியது தலைவரை அன்று. பொறுமையோடு பின்னால் நடக்க இசையும் அந்த ஒருவரையே.