தெரு யாருக்குச் சொந்தம்?

வீட்டு வாசலில் வண்டி நிறுத்தத் தடை விதித்தால் நகரவாசிகள் கிளர்ந்தெழுகின்றனர்; அது நியாயமே. ஆனால் தெருவே பறிக்கப்பட்டால்? மன்னார்க் கரையில் முசலிப் பிரதேசத்து முள்ளிக்குளம் அதற்குச் சரித்திர சாட்சியம்.

2007 செப்டம்பரில் போரின் நிமித்தம் அக்கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2009இல் போர் ஓய்ந்தது. கடற்படையோ அங்கேயே முகாமிட்டு நிலைத்தது. மீனவரும் உழவரும் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் குடிசைகளில் காத்திருந்தனர். 2017 மார்ச்சில் ஊர் வாயிலிலேயே அமர்ந்து அறப்போர் தொடங்கினர். ஒரு மாதத்துக்கு மேல் அசையவில்லை. ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது.

முழு ஊரும் அன்று மீளவில்லை. எனினும், குடியிருப்போரைக் கேளாமல் அவர்தம் தெருவை அடைக்க எவருக்கும் உரிமையில்லை என்னும் பாடத்தை நாம் அம்மக்களிடமே கற்கிறோம்.